கல் ஓரிடம், ஆள் ஓரிடம்

கோட்டைக் கதை – 14

1782ஆம் ஆண்டு சென்னைக் கோட்டை மதிலில் பீரங்கிகளை நிறுத்தக் கல் தேவைப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஹைதர் அலியின் குதிரைப்படை பரங்கிமலைப் பக்கம் வரை வந்து கிராமங்களைச் சூறையாடிவிட்டுப் போயிருந்தது. காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்துபோன செய்தி, கோட்டைக்குள் இருந்தவர்களின் தூக்கத்தைப் பறித்திருந்தது. கனத்த பீரங்கியை வெறும் மண்ணில் நிறுத்த முடியாது. சுடும்போது பின்வாங்கிப் புதைந்துவிடும். அடியில் அகலமான பலகைக் கற்கள் வேண்டும். அப்படிப்பட்ட கற்கள் கோட்டைக்குள்ளேயே கிடந்தன, புனித மேரி தேவாலயத்தின் முற்றத்தில். அவை கல்லறைக் கற்கள். ஆனாலும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். அவை திரும்பவும் முற்றத்துக்கு வந்து பதிய 1807 ஆகிவிட்டது.

அந்தக் கற்களுக்கு அது இரண்டாவது இடமாற்றம். முதலாவது இதைவிடப் பெரிய கதை. அதை அந்தக் கற்களின்மேல் நின்றுகொண்டே சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. தொடரைப் படித்துவரும் சிலர் கூட்டாக அழைத்தபோது, மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டேன்.

கோட்டைக்குள் நுழைவது இன்றும் எளிதல்ல. ஒரு பக்கம் தலைமைச் செயலகம், மறுபக்கம் ராணுவம். அடையாள அட்டையைக் காட்டி, பைகளைச் சோதனைக்குக் கொடுத்து, ஒருவர் பின் ஒருவராகத்தான் உள்ளே போக முடிந்தது. எங்களில் கல்லூரி மாணவர்கள் இருந்தார்கள். பணி ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர் இருந்தார். தாம்பரத்திலிருந்து வந்த வரலாற்று ஆசிரியை ஒருவரும் இருந்தார். செயலகத்தின் கூட்ட நெரிசலைத் தாண்டித் தேவாலயத்தின் பக்கம் திரும்பியதும் பேச்சொலி தானாகக் குறைந்தது.

சுவரோரத்தில் எல்லாரும் கற்களைச் சுற்றிக்கொண்டு நின்றோம். கறுத்துப்போன பெரிய பலகைகள். ஒன்றை ஒட்டி மற்றொன்றாகத் தளம்போலப் பாவியிருக்கிறார்கள். சிலவற்றில் மேலே குலச்சின்னம், கீழே லத்தீன் வரிகள். சிலவற்றில் போர்ச்சுக்கீசிய மொழி, சிலவற்றில் ஆர்மீனிய எழுத்து. குனிந்து விரலால் தடவிப் பார்த்தால்தான் பல எழுத்துகள் பிடிபடுகின்றன. குழிகளில் மண் நிறைந்திருக்கிறது. மண்ணைத் தட்டிவிட்டால் உளியின் விளிம்பு இன்னும் கூராக இருக்கிறது. இவற்றைச் செதுக்கியவர்கள் இந்தப் பக்கத்துக் கல்தச்சர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். தாளில் எழுதித் தந்த அயல்மொழி எழுத்தை, வாசிக்கத் தெரியாமலே, வளைவு பிசகாமல் கருங்கல்லில் இறக்கியிருக்கிறார்கள். அந்தக் கைத்திறனை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

“சார், அப்போ இவங்க எல்லாரும் நம்ம காலுக்குக் கீழேயா இருக்காங்க?” என்று ஒரு மாணவி சற்று நகர்ந்து நின்றுகொண்டாள்.

இல்லை. இந்தப் பலகைகளுக்கு அடியில் அவற்றில் பெயர் பொறிக்கப்பட்டவர்கள் யாரும் இல்லை. அவர்கள் படுத்திருப்பது வேறிடம். கோட்டைக்கு வடக்கே, இன்றைக்கு உயர் நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கும் பகுதியில். ஆங்கிலேயரின் முதல் இடுகாடு அங்கேதான் இருந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி வசதியானவர்களின் கல்லறைகளை மண்டபம்போலவும் கூர்ங்கோபுரம்போலவும் உயர்த்திக் கட்டியிருந்தார்கள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது, அந்த உயரமே கோட்டைக்கு வினையாக முடிந்தது. கோட்டையிலிருந்து வரும் குண்டுக்கு மறைந்துகொள்ள பிரெஞ்சு வீரர்களுக்குக் கல்லறைகள் நல்ல அரணாகிவிட்டன. 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயரின் கப்பல்கள் வந்து சேர்ந்ததும் லாலி முற்றுகையைக் கைவிட்டுப் போனார். அதன்பின் ஆங்கிலேயர் இடுகாட்டுக் கட்டடங்களை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இனி ஒரு பகைவனுக்கு அது ஒளிவிடம் ஆகக் கூடாது என்பது கணக்கு. பெயர் பொறித்த பலகைகளை மட்டும் தூக்கிக் கொண்டுவந்து இந்த முற்றத்தில் பாவினார்கள். இறந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

முற்றுகைக்கு அஞ்சி இடுகாட்டை இடித்தார்கள், ஹைதருக்கு அஞ்சிக் கல்லைப் பெயர்த்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னையின் அச்சம் முழுவதும் இந்தத் தளத்தில் பதிந்து கிடக்கிறது. பாடநூலில் கர்நாடகப் போர்களை வரிசை எண்ணிட்டு நெட்டுருப் போட வைக்கிறோம். என் விருப்பம், பிள்ளைகளை இங்கே அழைத்து வந்து ஒரு மணி நேரம் நிறுத்தினால் போதும் என்பது. தாம்பரத்து ஆசிரியை அதை ஆமோதித்தார். தன் பள்ளியிலிருந்து ஒரு வகுப்பையாவது அழைத்துவரப் போவதாகச் சொன்னார்.

இங்கே இருப்பவற்றில் மூத்த கல் எலிசபெத் பேக்கருடையது. கோட்டையின் தலைவராகப் பொறுப்பேற்க வந்த ஆரன் பேக்கரின் மனைவி. 1652இல் கப்பலில் வரும்போதே பிரசவத்தில் இறந்துபோனார். இந்தியாவில் எஞ்சியிருக்கும் ஆங்கிலேயக் கல்லறைப் பொறிப்புகளில் இதுவே மிகப் பழையது என்பார்கள். இந்த ஊரை உயிரோடு பார்க்காத ஒரு பெண்ணின் பெயர், இந்த ஊரில் முந்நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது.

எலிசபெத் பேக்கர் இறந்த காலத்தில் இந்தத் தேவாலயமே இல்லை. கோட்டைக்குள் அப்போதிருந்தது கப்புச்சின் துறவி எஃப்ரேமின் கத்தோலிக்க ஆலயம் மட்டும். அவர் கதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். ஆங்கிலேயர்கள் கோட்டை வீட்டின் ஓர் அறையில் கூடி வழிபட்டு வந்தார்கள். 1678 ஜனவரியில் ஆளுநராக வந்த ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டருக்கு அது போதவில்லை. ஆங்கிலேயருக்கென ஒரு தேவாலயம் வேண்டும் என்று நன்கொடை திரட்டினார். கிழக்கிந்தியக் கம்பெனி இதற்குக் காசு தரவில்லை. கோட்டையிலிருந்த அலுவலர்களும் வணிகர்களும் படைவீரர்களும் போட்டுச் சேர்த்த பணம் 805 வராகன். அதே ஆண்டு மார்ச் 25ஆம் தேதி, அன்னை மரியாளுக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாளில், வேலை தொடங்கியது. ஆலயத்துக்கு மேரியின் பெயர் அமைந்தது அதனால்தான். 1680 அக்டோபர் 28ஆம் தேதி, லண்டன் ஆயரின் ஆணை பெற்று, கோட்டையின் குருவான ரிச்சர்ட் போர்ட்மேன் அர்ச்சித்தார். துப்பாக்கியும் பீரங்கியும் முழங்கி அந்தச் சடங்கு முடிந்தது.

உள்ளே நுழைந்ததும் எங்கள் பொறியாளர் முதலில் அண்ணாந்துதான் பார்த்தார். கூரையில் உத்தரமும் இல்லை, கட்டையும் இல்லை. நடுக்கூடத்துக்கு ஒன்றும் இருபுறத்து நடைகளுக்கு ஒவ்வொன்றுமாக, அரைவட்டமாக வளைந்த மூன்று நீண்ட கூரைகள். அத்தனையும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். கனம் இரண்டடி. அதைத் தாங்கும் வெளிச்சுவர்களின் கனம் நான்கடி. கட்டடத்தை வடிவமைத்தவர் கோட்டையின் தலைமைப் பீரங்கியாளர் எட்வர்ட் ஃபவுல் என்று கருதப்படுகிறது. பீரங்கியைக் கையாண்ட ஒருவர் கட்டிய கோயிலாகத்தான் இது தோன்றுகிறது. விழும் குண்டு என்ன செய்யும் என்று அறிந்தவரின் கணக்கு, கூரை முழுக்கத் தெரிகிறது.

பொறியாளர் சன்னல் பக்கம் போய், சுவரின் கனத்தைக் கைமுழத்தால் அளந்தார். “வளைவு வெளியே தள்ளும் பாருங்க, அந்தத் தள்ளை வாங்கத்தான் இவ்ளோ கனம். கம்பி கிடையாது, சிமெண்ட் கிடையாது. வளைவு இறுகுற வரைக்கும் அடியில சாரம் கொடுத்துத் தாங்கியிருக்கணும். அதைப் பிரிக்கிற அன்னிக்குக் கொத்தனாருக்கு நெஞ்சு எப்படி அடிச்சிருக்கும்!” என்றார். அவர் சொன்னதைக் கேட்டு மாணவர்கள் மறுபடி அண்ணாந்து பார்த்தார்கள். லாலியின் முற்றுகையில் கோட்டைக்குள் பல வீடுகள் சிதைந்தன. இந்தக் கூரை நின்றது.

கொத்தனார் யார்? தெரியாது. நன்கொடை கொடுத்தவர் பெயர் இருக்கிறது, அர்ச்சித்தவர் பெயர் இருக்கிறது, வடிவமைத்தவர் என்று சொல்லப்படுபவர் பெயர் இருக்கிறது. கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு அரைத்தவர்கள், செங்கல் சுமந்தவர்கள், வளைவு கட்டியவர்கள் அன்றைய கருப்பர் பட்டணத்துத் தமிழர்களும் தெலுங்கர்களும்தான். அவர்களில் ஒருவர் பெயரைக்கூட இந்தச் சுவர்கள் சொல்லவில்லை. நான் இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதே இந்த ஆதங்கத்தில்தான். எழுதிவைத்த பெயர்களை வாசிக்கும்போது எழுதாமல் விட்ட பெயர்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கிக்கொண்டு வாசிக்க வேண்டும்.

அதற்குச் சரியான இடம் இந்தத் தேவாலயத்தின் பதிவேடு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் 1680இலிருந்து இதில் பதிவாகி வந்தன. முதல் திருமணம் 1680 நவம்பர் 4ஆம் தேதி, அர்ச்சிப்பு முடிந்து ஒரே வாரத்தில். மணமகன் எலிஹு யேல். மணமகள் கேத்தரின் ஹின்மர்ஸ். கோட்டையின் முக்கிய அலுவலர்களில் ஒருவரான ஜோசப் ஹின்மர்ஸின் விதவை. ஜோசப் இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பின்னாளில் யேல் ஆளுநரானார், பெரும் செல்வம் சேர்த்தார். அவர் ஆளுநராக இருந்த காலத்தில் இங்கிருந்து அடிமைகளைக் கப்பலேற்றியதும் கோட்டையின் ஆலோசனைக் குறிப்புகளில் உள்ளது. 1718இல் அவர் அனுப்பிய பொருள்களுக்கு நன்றிக்கடனாகத்தான் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரைச் சுமக்கிறது.

1689 ஆகஸ்டில் மூன்று சகோதரிகள் ஒரே நாளில் இங்கே ஞானஸ்நானம் பெற்றார்கள். மேரி, எலிசபெத், கேத்தரின். தந்தை ஜாப் சார்னாக். அடுத்த ஆண்டே வங்கத்துக்குப் போய்க் கல்கத்தாவில் கம்பெனியின் குடியிருப்பை நிறுவியவர். தாய் ஓர் இந்தியப் பெண். அவரைப் பற்றிப் பல கதைகள் உண்டு. உடன்கட்டை ஏறப் போனவரைச் சார்னாக் மீட்டு மணந்தார் என்பது அவற்றில் பெயர்பெற்றது. கதை இவ்வளவு வளர்ந்தும், அவருடைய இயற்பெயர் உறுதியாகத் தெரியவில்லை. மூன்று பெண்களைப் பெற்றவருக்கு வரலாற்றில் தன் சொந்தப் பெயர்கூட நிலைக்கவில்லை என்று ஆசிரியை வருத்தத்தோடு சொன்னார். ஞானஸ்நானத் தொட்டியின் அருகே நின்றபோது அந்த வருத்தம் எல்லாரிடமும் இருந்தது.

அந்தத் தொட்டி கருமையான பல்லாவரம் கல்லில் குடைந்தது. கைவைத்தால் வெயில் நேரத்திலும் குளிர்ந்திருக்கிறது. பல்லாவரம் குன்றுகளில் வெட்டும் இந்தக் கல்வகையில்தான் கல்கத்தா செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் சார்னாக்கின் கல்லறைப் பலகையும் அமைந்திருக்கிறது. நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைக்குப் பெயர் சூட்ட முனைந்தபோது அந்தக் கல்லறையை நினைத்து ‘சார்னாக்கைட்’ என்று வைத்தார். உலகெங்கும் நிலவியல் மாணவர்கள் படிக்கும் பெயர் அது. மகள்களுக்கு நீர் வார்த்த தொட்டியும் தகப்பனை மூடிய பலகையும் ஒரே இனத்துப் பாறை.

1753 பிப்ரவரி 18ஆம் தேதிப் பதிவு, எங்கள் குழுவில் பெரும்பாலோர் கேள்விப்பட்டது. ராபர்ட் கிளைவ், மார்கரெட் மாஸ்கலின் திருமணம். நடத்திவைத்தவர் யார் என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. அவர் கம்பெனியின் குரு அல்லர். தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர் யோகான் பிலிப் பப்ரிசியுஸ். வேப்பேரியில் இருந்துகொண்டு தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர், 1779இல் தமிழ் – ஆங்கில அகராதி அச்சிட்டவர். கிளைவை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. தமிழுக்குச் செய்த தொண்டை வைத்துப் பார்த்தால் அன்று பலிபீடத்தின் முன் நின்றவர்களில் நம் வணக்கத்துக்கு உரியவர் பப்ரிசியுஸ்தான் என்பேன்.

பலிபீடத்துக்கு மேலே இருக்கும் இராப்போசன ஓவியம் 1761இல் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்தபோது அங்கிருந்து வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதே புதுச்சேரி வெற்றியில் ஓர் அச்சு இயந்திரமும் கிடைத்தது. அதை இயக்கத் தெரிந்தவர் கோட்டையில் இல்லாததால் பப்ரிசியுஸிடம் ஒப்படைத்தார்கள். கம்பெனியின் அச்சு வேலைக்கு முதலிடம் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. வேப்பேரி அச்சகம் எழுந்தது அப்படித்தான். அந்த அகராதியை அச்சிட்டதும் அங்கேதான். போர்க் கொள்ளையில் தமிழுக்கு ஒரு நன்மை விளைந்த அரிய தருணம் அது.

சுவரில் இருக்கும் சலவைக்கல் நினைவுச் சின்னங்களில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயருடையதை மட்டும் குறிப்பிடுகிறேன். இளைய ஜான் பேகன் என்ற சிற்பியின் படைப்பு. மரணப்படுக்கையில் கிடக்கும் ஐயரைச் சுற்றி மற்றவர்கள் நிற்கிறார்கள். 1798இல் தஞ்சாவூரில் இறந்து அங்கேயே அடக்கமானவருக்குக் கம்பெனி எழுப்பிய சின்னம் இது. 1779இல் சீரங்கப்பட்டணத்துக்கு ஹைதர் அலியிடம் தூது போனவரும் இவர்தான். தூது பலிக்கவில்லை. பலித்திருந்தால் வெளியே முற்றத்துக் கற்கள் பீரங்கிக்கு அடியில் போயிருக்காது.

ஆளுநர் தாமஸ் மன்றோவின் கதை முற்றத்துக் கற்களின் கதைக்கு நேர்மாறு. கல்லை விட்டு உடல் பிரிந்த இடத்தில், அவருடைய உடலே தேடி வந்து சேர்ந்தது. 1827 ஜூலையில் சுற்றுப்பயணத்தின்போது பத்திகொண்டாவில் காலராவுக்குப் பலியானவரைக் குத்தி என்ற ஊரில் புதைத்தார்கள். 1831இல் தோண்டியெடுத்து இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

பலிபீடத்தின் அருகே ஒரு கல்லில் பெயரே இல்லை. நினைவாக என்று பொருள்படும் இரண்டு லத்தீன் சொற்கள் மட்டும். அது ஆளுநர் ஜார்ஜ் பிகாட்டின் கல் என்று கருதப்படுகிறது. சொந்த ஆலோசனை சபையே 1776 ஆகஸ்டில் அவரைக் கைதுசெய்தது; காவலில் இருக்கும்போதே 1777 மே மாதம் இறந்துபோனார். ஓர் ஆளுநரைக் கம்பெனி அதிகாரிகளே சிறைப்பிடிக்கும் அளவுக்குப் பகை மூண்டதற்குக் காரணம் தஞ்சாவூர். ஆற்காட்டு நவாபின் கையில் சிக்கியிருந்த தஞ்சையை, பிகாட் நேரில் போய் துளஜா மன்னரிடம் திருப்பிக் கொடுத்தார். நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துத் தஞ்சையின் விளைச்சலை ஈடாக எழுதி வாங்கியிருந்தவர்கள் அதைப் பொறுப்பார்களா? காவிரிக் கரையின் நெல்லுக்காகத்தான் இந்தக் கல் பெயரில்லாமல் கிடக்கிறது.

வெளியே வந்து, கோட்டையிலிருந்து சட்டக் கல்லூரிப் பக்கம் நடந்தோம். இடித்துத் தள்ளிய அந்தப் பழைய இடுகாட்டில் விட்டுவைத்தவை இரண்டே கல்லறைகள். ஒன்று பவ்னி குடும்பத்தாருடையது. மற்றொன்று ஜோசப் ஹின்மர்ஸுடையது. உயர்ந்த கூர்முனைக் கோபுரம். அதே கல்லறையில்தான் யேலுக்கும் கேத்தரினுக்கும் பிறந்த டேவிட்டும் அடக்கமானான். 1688இல், நான்கு வயது நிரம்புவதற்குள் இறந்த பிள்ளை. தாயின் முதல் கணவரும் இரண்டாம் கணவரின் மகனும் ஒரே இடத்தில்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இந்தக் கல்லறையை வேறிடத்துக்கு மாற்றும்படி உத்தரவிட்டது. நீதிமன்ற வளாகத்தில் வாகனம் நிறுத்தவும் இடமில்லாத நெருக்கடி உண்மைதான். ஆனாலும் இதை மாற்றக் கூடாது என்பதே என் எண்ணம். கல்லும் அதற்குரியவர்களும் பிரியாமல் ஒன்றாக இருப்பது இந்தப் பழைய இடுகாட்டில் இந்த இரண்டு இடத்தில் மட்டும்தான். ஒரு நகரம் முதன்முதலில் தன் இறந்தவர்களை எங்கே வைத்தது என்பதற்கு வேறு சாட்சி தரைக்கு மேலே மிச்சமில்லை. பொறியாளர் இதை ஏற்கவில்லை. எலும்போடு சேர்த்து முறையாக மாற்றிவைத்தால் என்ன நட்டம் என்று கேட்டார். மாணவர்கள் இரண்டு பக்கமும் பிரிந்துகொண்டார்கள். பேருந்து நிறுத்தம் வரை அந்த வாதம் ஓயவில்லை.

(அடுத்த அத்தியாயம்: பிகாட் கைதான இரவு)